கிள்ளான் போகிற வரைக்கும் ஒரு கியர்பாக்ஸ்

முதலில் ரிவர்ஸ் போனது.

ஒரேயடியாகப் போய்விடவில்லை. கியர் கம்பை ரிவர்ஸுக்குத் தள்ளினால் கார் கொஞ்ச நேரம் யோசிக்கும். இன்ஜின் உறுமும், சக்கரம் அசையாது. பிறகு யாரோ முட்டியால் இடித்த மாதிரி ஒரு குலுக்கல், அதன்பின் நகரும். அந்த யோசனை வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போய், ஒரு காலையில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, முடியாது என்று சொல்லிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. என் மனைவிக்குக் கிள்ளானில் டயாலிசிஸ்.

செவ்வாய், வியாழன், சனி. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு எங்கள் வாரத்தில் வேறு கிழமைகள் இல்லை. மற்றவை எல்லாம் இந்த மூன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கும் இடங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எங்குமே இடம் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் கிள்ளானில் ஒரு தொண்டு நிலையத்தில் ஒரு நாற்காலி காலியானது. அது எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் நன்றி சொன்னேன்.

முன்னால் சுவர். பின்னால் போக மறுக்கும் கார். உள்ளே அவள், கையில் துண்டும் போர்வையும் உள்ள பையுடன். கீழ்த்தளத்துக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவரைக் கூப்பிட்டேன்.

“பாஸ், கொஞ்சம் தள்ளி விடுங்க லா.”

“ஆட்டோ கியர் கார் லா இது, தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது.”

“ஸ்டார்ட் ஆயிருச்சு. ரிவர்ஸ் போவ மாட்டேங்குது.”

“முன்னாடி போவுதா?”

“போவுது.”

“அப்புறம் என்ன பாஸ், சுவத்த இடிச்சிட்டு முன்னாடியே போங்க!” என்று சிரித்துக்கொண்டே, மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு வந்தார். இரண்டு பேருமாகத் தள்ளினோம். பானெட்டில் அவருடைய வெள்ளைக் கைரேகைகள் கிள்ளான் வரைக்கும் வந்தன.

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். “இதையும் கவிதையா எழுதிறாதீங்க.”

எழுதவில்லை. எழுத நேரமில்லை. பின்னால் போகத் தேவையில்லாத இடங்களைத் தேடுவதிலேயே அந்த நாட்கள் கழிந்தன. சாலையோரமாக நீளவாக்கில் நிறுத்துவேன். எதிர்வரிசையும் காலியாக இருந்தால் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுவேன். இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருப்பேன். ஊரையே நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்: எங்கே வழி திறந்திருக்கிறது, எங்கே முட்டுச்சந்து. பிரிக்பீல்ட்ஸில் பாதி முட்டுச்சந்து.

ரயிலில் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் நடக்கிற தூரம்; கிள்ளானுக்கு நேராக ரயில். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வருவதுதான். இரத்தம் முழுவதும் வெளியே போய்க் கழுவப்பட்டு உள்ளே வந்த பிறகு, அவள் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருப்பாள். கிள்ளான் பிளாட்பாரத்தில் ஒரு மத்தியானம் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். நான் டிக்கெட் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு மலாய்க்கார அக்கா அவள் தலை சிமெண்டில் படாமல் பிடித்துவிட்டாள். அப்புறம் ஃபோனில் கூப்பிடுகிற வாடகைக் கார்கள். அதில் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் திட்டாமல், ஷா ஆலமில் ஓரங்கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் டிஷ்யூ டப்பாவை நீட்டினான். “இனிமே அந்தக் காருங்க வேணாம்,” என்றாள். எங்கள் கிழட்டுக் காரில் அவளுடைய சீட் முழுசாகச் சாயும். அதில் அவள் படுத்துக்கொள்வாள். மற்றவர்களுக்கு அது கார்; எனக்கு அது, கிள்ளானிலிருந்து அவளை உயிரோடு கொண்டுவருகிற கட்டில்.

அந்தக் கட்டிலைக் கெடுத்தது தீபாவளி. வீட்டைக் கழுவி, திரைச்சீலை மாற்றி, முறுக்கு டின்னுக்கு மூடி தேடிக்கொண்டிருந்த வாரத்தில், காருக்கும் ஏதாவது செய்வோமே என்று ஒரு கடையில் கொடுத்து கியர் எண்ணெயை மாற்றினேன். எத்தனையோ வருஷமாக யாரும் தொடாத எண்ணெய். கருப்பாக இறங்கியது. சிவப்பாகப் புதுசு ஏறியது. புதுச் சட்டை போட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். பண்டிகை முடிந்த வாரமே கார் யோசிக்கத் தொடங்கியது.

பிறகு முன்னால் போகிற கியர்களும் நழுவின. ஒரு வியாழக்கிழமை, கிள்ளானிலிருந்து திரும்பும்போது, பத்து தீகா என்கிற இடத்து ஏற்றத்தில் மிதிக்கிறேன், மிதிக்கிறேன். இன்ஜின் கத்துகிறது, கார் ஏறவில்லை. வேகம் கையிலிருந்து மணல் மாதிரி வழிகிறது. பின்னால் லோரிகள் ஹார்ன் அடித்து, ஒதுங்கி, என்னைக் கடந்து போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தன. எமர்ஜென்சி விளக்கைப் போட்டு ஓரங்கட்டினேன். நடு மத்தியானம். ஏசியை அணைத்துவிட்டு இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். சாய்ந்த சீட்டில் அவள் முகம் சுண்ணாம்பு நிறம். நான் ஒரு அட்டையால் விசிறினேன். ஏதேதோ பேசினேன். எண்ணெய் போட்டவனைத் திட்டினேன், ஏற்றத்தைத் திட்டினேன், ரோடு போட்டவனைத் திட்டினேன்.

“என்னங்க,” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. “இந்தக் கார் ஓடுற வரைக்கும் வரேன். அதுக்கப்புறம் என்ன இழுக்காதீங்க.”

“என்ன பேச்சு இது?”

“அசதியா இருக்குங்க. இன்னைக்கு மட்டும் இல்ல.”

இவ்வளவுதான் சொன்னாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். லோரிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்சம் ஆறியதும் கார் மெதுவாக ஏறியது, நாங்கள் வீடு வந்தோம், நான் சோறு வைத்தேன். ஆனால் அந்த ஏற்றத்திலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் அடுத்தது செவ்வாய். அந்த இடைவெளிதான் எனக்கிருந்தது. ஞாயிறும் திறந்திருக்கிற ஒரு கியர்பாக்ஸ் வொர்க்‌ஷாப் சாலாக் செலாத்தானில் இருந்தது. “நானும் வரேன்,” என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். கார் செத்துவிட்டது என்று ஒருவர் சொல்வதைத் தன் காதால் கேட்க வருகிறாள்.

கடைக்காரர் பெரிய உடம்பு, பெரிய குரல். காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

“மோந்து பாருங்க அண்ணே.”

அடிப்பிடித்த குழம்பின் வாசம்.

“இது கியர்பாக்ஸ் இல்ல. மிக்ஸி. உள்ள எல்லாம் அரைச்சிருச்சு.”

“எண்ணெய் மாத்தினதுல இருந்துதான்...”

“யார் மாத்தச் சொன்னா? பழைய எண்ணெயில கெடந்த தூளுதான் கிளச்ச புடிச்சிட்டு இருந்திருக்கும். நீங்க அதையும் கழுவிட்டீங்க. தீபாவளிக்கா?”

தலையை ஆட்டினேன்.

“வருஷா வருஷம் தீபாவளி முடிஞ்சா எனக்கு வேல இருக்கு அண்ணே. சுத்தமா இருக்கணும், இல்ல, நம்மாளுங்களுக்கு!”

அவள் சிரித்துவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில், ஊசித் தழும்பேறிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக.

அவர் வழிகளைச் சொன்னார். பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, ஓவர்ஹால் செய்யலாம். செலவு கூட, சாமான் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும், ஆனால் வருஷக்கணக்கில் ஓடும். இல்லையென்றால் ஹாஃப்-கட். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக வெட்டி, முன்பக்கத்தை மட்டும் கண்டெய்னரில் ஏற்றி அனுப்புகிறார்கள். இங்கே இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி என்று கழற்றி விற்கிறார்கள். கடையின் பின்சுவரோரம் அவை அடுக்கியிருந்தன, ஈரமாக, பிளாஸ்டிக் சுற்றி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். ஒன்றைத் தூக்கிப் போட்டால் திங்கட்கிழமை சாயங்காலம் கார் ரெடி.

“இல்லன்னா ஸ்கிராப்புக்குக் குடுத்துருங்க. இந்தக் காருக்கு அதுவும் தப்பில்ல,” என்றார்.

அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம காருக்கு ஏத்தது அதுல இருக்கா, தம்பி?”

“இருக்கு அக்கா. அந்தா, ரெண்டாவது. அப்படியே பொருந்தும்.”

“காருக்கு மட்டும் உடனே கிடைச்சிருது,” என்றாள்.

அவள் பெயர் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு வரிசையில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. கடைக்காரருக்கு அது தெரியாது. ஆனால் அவள் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குரலைக் குறைத்துக்கொண்டார்.

“அண்ணே, நான் எல்லாரையும் கேக்கிறதுதான். இன்னும் எத்தன வருஷம் இந்தக் கார ஓட்டப் போறீங்க? அதச் சொன்னா நான் எத செய்யலாம்னு சொல்றேன். ஹாஃப்-கட் நல்லா வந்தா ரெண்டு வருஷம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

இவ்வளவு நாளாக எந்த டாக்டரிடமும் நான் கேட்கத் துணியாத கேள்வி. கிரீஸ் படிந்த தரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், யாரோ என்னிடம் கேட்கிறார்.

“ஓவர்ஹால்,” என்றேன். “ஓவர்ஹால் பண்ணுங்க.”

“அதுவரைக்கும் எப்படிப் போறது?” என்றாள் அவள்.

“யார்கிட்டயாவது கார் கேக்கறேன். தங்கச்சி வீட்டுல கேக்கறேன்.”

“வேணாம்.”

“வாடகைக்கு எடுக்கறேன்.”

“வேணாம்னு சொல்றேன்ல. ஸ்கிராப்புக்குக் குடுத்துருங்க.”

“குடுக்க மாட்டேன்.” என் குரல் கடை முழுதும் கேட்டது. ஸ்பானர் சத்தம் நின்றது. “வருஷக்கணக்கா ஓடும்னு சொல்றார். கேட்டல்ல? வருஷக்கணக்கா!”

“அந்த ரோட்டுல அவ்ளோ வருஷம் நான் எப்படிங்க போறது?”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள், வழி தெரியாதவர்கள் வழி கேட்கிற மாதிரி. சொற்களை வைத்தே பிழைத்தவன் நான். ஒரு டின் மேல் உட்கார்ந்தேன். அது எண்ணெய் டின். வேட்டி எல்லாம் எண்ணெய். அழுதேன் என்று நினைக்கிறேன். கடைக்காரர் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே கழற்றிய எதையோ மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து வந்தாள். எண்ணெய் பட்ட இடத்தை முந்தானையால் துடைக்கப் பார்த்தாள், அது இன்னும் பரவியது.

“ஹாஃப்-கட் போடச் சொல்லுங்க.”

நான் நிமிர்ந்தேன்.

“ரெண்டு வருஷம் வரேன். பேரம் பேசாதீங்க.”

பேசவில்லை. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று பயம்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் மட்டும் காரை எடுக்கப் போனேன். ரிவர்ஸ் போட்டேன், கார் உடனே, மறுபேச்சில்லாமல், பின்னால் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். பழைய கியர்பாக்ஸ் தரையில் ஒரு அட்டைமேல் கிடந்தது. இங்கே அதுதான் வழக்கம்: பழசைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு கணக்கில் கழித்துக்கொள்வார்.

“இத எடுத்துக்காதீங்க,” என்றேன். “எனக்கு வேணும்.”

“எதுக்கு அண்ணே? செத்த சாமான்.”

“இத மெதுவா ஓவர்ஹால் பண்ண முடியுமா? கார் ஓடிக்கிட்டே இருக்கட்டும். இது ஒரு பக்கம் ரெடியாகட்டும். அது போற அன்னைக்கு இத மாட்டிரலாம்.”

அவர் துணியில் கையைத் துடைத்தார். “அப்படி யாரும் கேட்டதில்ல. செய்யலாம். ஆனா இங்க வைக்க இடமில்ல லா. சாமான் வந்ததும் சொல்றேன், அப்ப கொண்டாங்க.”

இரண்டு பேர் தூக்கி டிக்கியில் வைத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு ஆள் கனம். கீழே எண்ணெய் ஒழுகாமல் பழைய பாயை விரித்தேன். கார் பின்பக்கம் தாழ்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஃபெடரல் ஹைவேயில் கார் வழுக்கிக்கொண்டு போனது. பெட்டாலிங் ஜெயா டிராஃபிக் ஜேமில்கூட நின்று நின்று எடுக்கும்போது ஒரு குலுக்கல் இல்லை. யாருடைய ஊரில் யாரைச் சுமந்த கியர்பாக்ஸோ, எங்களை ஏற்றத்தில் சத்தமில்லாமல் தூக்கியது. ஏறி இறங்கும்போது ஒரு மேடு வந்தது. பின்னால் தடால் என்று இடித்தது.

“டிக்கியில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“என்னங்க.”

“பழைய கியர்பாக்ஸ்.”

அவள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி. பிறகு சாலையைப் பார்த்தாள். ஷா ஆலமின் தொழிற்சாலைக் கூரைகள் கடந்து போயின.

“ரெண்டு வருஷம்னுதான் சொன்னேன்,” என்றாள்.

நான் சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுங்கினேன். காதில் விழாதவன் போல ஓட்டினேன். அவள் திரும்பவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லையா, என்னிடம் சொல்லிப் பயனில்லை என்றா, தெரியாது. என் தொடைமேல் அவள் கை கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு எடுத்துக்கொண்டாள்.

கிள்ளானில் நர்ஸ் அவளை உள்ளே அழைத்துப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் எடை பார்க்கும் பலகையில் ஏறுவதைப் பார்த்தேன். வெளியே வந்து டிக்கியைத் திறந்தேன். பாய் நனைந்திருந்தது; அந்தக் கருத்த இரும்பு சூடாகவும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. அவளுக்கு நான் செய்கிறது அன்பா, கொடுமையா என்று அதன் முன்னால் நின்று யோசித்தேன். யோசித்து முடிக்கவில்லை. ஃபோனை எடுத்து சாலாக் செலாத்தான் கடைக்கு அடித்தேன்.

“சாமான் வந்திருச்சா?” என்றேன்.

“அண்ணே, நேத்துதான லா கார எடுத்தீங்க,” என்றார் அவர்.

“தெரியும்,” என்றேன். “நாளைக்குக் கொண்டு வரட்டுமா?”