வீராம்பட்டினத்துப் பிணம்

பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில் எல்லோரும் கொலைகாரனைத் தேடுவார்கள். என் கணவர், கொலைகாரனுக்குப் பின்னால் காபித் தட்டோடு நிற்கிற சர்வரைத் தேடுவார். பெயர் போடாமல் விட்ட நடிகர்களைக் கண்டுபிடிப்பதுதான் ஓய்வு பெற்றபின் அவருக்கு வேலை. படத்தை நிறுத்துவார், முகத்தைப் பெரிதாக்குவார், இதற்கென்றே இருக்கும் இணையக் குழுவில் போடுவார். கூட உட்கார்ந்து பார்த்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஒரு படத்தில் கடற்கரையில் குப்புறக் கிடக்கும் பிணம் மட்டும் பிடிபடவில்லை. முகமே தெரியாது. தெரிவது இரண்டு உள்ளங்கால்களும், இடது குதிகாலில் பிறை மாதிரி ஒரு தழும்பும்தான். அவர் உள்ளங்காலையே குழுவில் போட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"அந்தப் பொணம் எங்கப்பாதாங்க."

"அப்பா இப்ப..." என்று இழுத்தேன்.

"நல்லா இருக்காரு. சாப்ட்டுப் படுத்திருக்காரு."

மறுநாளே லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீராம்பட்டினம் போனோம். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர். இளவயதில் சினிமாக்காரர்கள் கரைக்கு வந்தார்களாம். பிணமாக நடிக்க வந்தவர் சுடுமணலில் படுக்க மாட்டேன் என்றதும் இவரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். தழும்பு, தூண்டில் முள் கிழித்தது.

என் கணவர் லேசில் நம்ப மாட்டார். "அதே மாதிரி படுங்க ஐயா, பாத்துடலாம்" என்றார். பெரியவர் கொஞ்சமும் யோசிக்காமல் வாசல் மணலில் குப்புறப் படுத்தார். என் கணவர் போனோடு அவர் காலடியில் மண்டியிட்டார். அந்த வழியாக வந்த மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "காலையிலகூட பேசுனாரே" என்று மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள்.

"சாவல. சினிமா" என்றார் பெரியவர், முகத்தைத் திருப்பாமல்.

தழும்பு அச்சாகப் பொருந்தியது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே அவர் அடுத்ததைச் சொன்னார்: "பொணத்தச் சுத்தி ஒரு கும்பல் நிக்கும் பாருங்க சார். அதுல தலப்பா கட்டினவனும் நான்தான்."

"ஒரே ஆளு பொணமாவும் கெடந்து, நின்னு வேடிக்கையும் பாக்க முடியாது ஐயா."

"கும்பல மறுநாளுதான எடுத்தாங்க. ஆளு கொறையுதுன்னு கூப்ட்டாங்க, போனேன்."

போனில் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தோம். அவரேதான். தோளில் துண்டு, கன்னத்தில் கை. அந்தக் கூட்டத்திலேயே உண்மையாக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அப்போதுதான் பெரியவர் கேட்டார். "ஆமா, என்னைக் கொன்னது யாரு?"

படம் வந்தபோது அவர் கடலில் இருந்தாராம். அதன்பிறகு பார்க்க வாய்க்கவில்லை. துப்பறியும் படத்தின் முடிவை முன்கூட்டிச் சொல்வது என் கணவருக்குப் பாவம். அதனால் எல்லோருமாக அந்தச் சின்ன போனைச் சுற்றி உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். மகள் இரண்டு தடவை டீ போட்டாள். மீன்காரம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை.

கடைசியில் டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரிந்தது; அவர் கையில் விலங்கு மாட்டியதோடு படம் முடிந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டது.

"இவரா? நான் வெயில்ல கெடந்தப்ப கொடை புடிச்சவராச்சே. பிரியாணிப் பொட்டலம்கூட அவருதான் எடுத்தாந்து குடுத்தாரு."

"கண்டவங்க குடுக்கறத வாங்கித் துன்னா இப்படித்தான்" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "தூக்குல போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா, ஆயுள் தண்டனதான்" என்றார் என் கணவர்.

"போவட்டும்" என்றார் பெரியவர். "தங்கமான மனுசன்."