வானத்துக்கு உழுதவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் குன்றின் கீழ்ச்சரிவில் பார்லி விதைத்தது. அறுக்கும் எண்ணம் இருவருக்கும் இல்லை. முளைத்துப் பச்சையாகத் தெரிந்தால் போதும். மிச்சத்தை அப்பாவின் நண்பர் ஃபௌஸியின் ஆடுகள் பார்த்துக்கொள்ளும்.

அப்பா பெயர் வஜீஹ்; ஊரில் என் பெயரைச் சேர்த்து அபூ சுஹாத், சுஹாத்தின் அப்பா, என்பார்கள். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், நாப்லஸுக்குத் தெற்கே எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வெயிலும் மண்ணும் அவருக்கு ஆகாது. தாத்தா இறந்து குன்று இவர் கைக்கு வந்தபோது அதை அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தார். விட முடியவில்லை. சில வருடம் தொடர்ந்து பயிர் வைக்காத நிலம் அரசுக்குப் போய்விடும் என்பது துருக்கி சுல்தான் காலத்துச் சட்டம். சுல்தான் போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இஸ்ரேல் அவருக்கு மிகவும் விசுவாசமாக இருக்கிறது. விமானத்திலிருந்து எடுக்கும் படத்தில் உழவு தெரியாவிட்டால் நிலம் கிடையாது. குன்றுக்கு மேலே இருந்த யூதக் குடியிருப்பின் வேலியும் வருடாவருடம் எங்கள் பக்கமாக இறங்கி வந்தது. அப்பா ஐம்பது வயதுக்கு மேல் ஏர் பிடித்தார்.

சமாதானத்தின் மீது அவருக்கு ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஊரில் எல்லாருக்கும் இலவசமாகச் சவரம் செய்தார். அதன்பின் எந்த ஒப்பந்தத்துக்கும் அப்படிச் செய்யவில்லை.

முதல் வருடம் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த சரிவுகளை மட்டும் உழுதார். நான் நிலப்படப் பொறியாளர். ராமல்லாவிலிருந்து வான்வழிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கடையில் விரித்தேன்; குன்றின் உச்சி வெறும் பாறையாகத் தெரிந்தது. உழுவதற்குக் கோவேறு கழுதை கொடுத்த ஃபௌஸியும் எட்டிப் பார்த்தார்.

“அபூ சுஹாத், சுத்தி நல்லா வெட்டிட்டு உச்சந்தலைய விட்டுட்டியேப்பா!”

“ரோட்டுல போறவன் பக்கவாட்டத்தானே பாப்பான்?”

“உன் கஸ்டமர் ரோட்டுல வரலடா. மேல பறக்கறான்.”

“யாபா, பாறைய அவங்க பயிர்னு எண்ண மாட்டாங்க” என்றேன் அப்பாவிடம்.

“அப்போ வழுக்கைக்கு முடி ஒட்டிட வேண்டியதுதான்” என்றார் அப்பா.

ஒட்டினார். பாறை இடுக்குகளில் மண் சுமந்து கொட்டினார். உழப் போனபோது வேலியோரம் ஒரு சிப்பாய் நிறுத்தினான்.

“இங்க என்ன பண்றீங்க?”

“உழறேன்.”

“இந்தப் பாறையில என்ன விளையும்?”

“போட்டோ.”

சிப்பாய் சிரித்தான். சிரித்துவிட்டுக் கீழே அனுப்பினான். வேலிக்கு அருகே போக ராணுவ அனுமதி வேண்டுமாம். கேட்டோம். ஒவ்வொரு வருடமும் அது கோடையில், உழவு முடிந்தபின் வந்தது. ஏறாதே என்றது ஓர் அலுவலகம். ஏன் பயிர் வைக்கவில்லை என்று கேட்கக் காத்திருந்தது இன்னொன்று. இந்தக் குளிர்காலமும் உழாமல் போனால் உச்சியைத் தரிசு என்று எழுதி எடுத்துக்கொள்வார்கள்.

இந்த முறை அதிசயமாக அனுமதி நேரத்தோடு வந்தது. ஒரே ஒரு நாளுக்கு, ஒரு புதன்கிழமைக்கு. உரிமையாளர் பெயருக்கு மட்டும்.

அதற்கு முந்தைய திங்களன்று, ஒருவர் முகத்தில் பாதிச் சவரம் ஆகியிருக்கும்போது, அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. அந்த மனிதர் பாதி முகத்தோடுதான் அடக்கத்துக்கு வந்தார்.

மறுநாள் அனுமதி அலுவலகத்துக்குத் தொலைபேசினேன்.

“நிலத்துக்காரர் நேர்ல வரணும்” என்றார் எழுத்தர்.

“அவர் இறந்துட்டார்.”

“அப்படியா, வருத்தம். உங்க பேருக்கு மாத்திப் புதுசா எழுதிப் போடுங்க. கோடைக்குள்ள வந்துடும்.”

புதன் காலையில், துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபௌஸி கோவேறு கழுதையோடு வாசலில் நின்றார்.

“அப்பா சொல்லிவச்சிருந்தான் மகளே. போலாமா?”

“அனுமதி அவர் பேர்ல இருக்கு மாமா.”

“கழுதைக்குமா பேரு கேக்கறாங்க?”

அவருக்கும் ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்தேன். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. மண் உழும் பதத்தில் இருந்தது. உச்சியை நாங்கள் உழவில்லை.