வெள்ளம் குடித்த பட்டி

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அத்தை தன் மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் இரண்டு வருஷம் மலையாளப் பள்ளியில் படித்துவிட்டதால் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

எங்கள் ஊரான கோம்பையில் பள்ளிக்கூட டீச்சர் அவளுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வகுப்பின் முன்னால் நின்று ஒரு கதை வாசித்தால் மூன்றாம் வகுப்பு. இல்லையென்றால் ஒன்றாம் வகுப்பில் பொடிசுகளோடு உட்கார வேண்டும். அவளோ என்னைவிட ஒரு சாண் உயரம்.

"ஒண்ணாப்புல ஒக்கார வச்சாகன்னா நான் தோட்டத்துக்கே போயிருவேன்" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வாத்தியாராகும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எழுத்துகளைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பாடப்புத்தகத்தைத் திறந்தால்தான் கொட்டாவி விட்டாள். அவளிடம் மலையாளத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. பானை வயிற்று நாய் ஒன்று பக்கத்துக்குப் பக்கம் ஏதோ சேட்டை செய்யும். அதைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பாள். அதையே தமிழாக்கி விடுவது என்று முடிவு செய்தேன்.

"அதுல என்ன போட்டுருக்கோ, அப்படியே படி. நான் தமிழ்ல எழுதிக்கிறேன்."

"ஏலே, அது வந்து..."

"வாத்தியாரு நீயா, நானா?"

அவள் புத்தகத்தை விரித்து வாசித்தாள். "பட்டி வெள்ளம் குடிச்சு." மலையாளத்து நாய்க்குப் பட்டி என்று பெயர் வைப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். குடத்துக்குள் தலையை விட்டிருந்த அந்த நாய் வெள்ளத்தையே குடித்துவிட்டதாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'குடிச்சு' என்பதை மட்டும் 'குடித்தது' என்று திருத்தி, நோட்டுத் தாளில் எழுதி, சோற்றுப் பருக்கையால் மலையாள வரியின் மேல் ஒட்டினேன். இப்படியே எல்லாப் பக்கமும்.

தவணை நாளில் அவள் புத்தகத்தோடு எழுந்து நின்றாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே வாசித்தாள்.

"பட்டி வெள்ளம் குடித்தது."

"எந்தப் பட்டி? பழனிசெட்டிபட்டியா?" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நாய் ஒரு கடைக்காரரின் குடைமேல் காலைத் தூக்கிக்கொண்டிருந்த பக்கம் அது.

"பட்டி மூத்திரம் ஒழித்தது."

"நம்ம ஊர்லயும் ஒழிக்கச் சொல்லுத்தா!"

பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மலையாளத்துல பட்டின்னா நாய். வெள்ளம்னா தண்ணி. ஒழிக்கிறதுன்னா ஊத்துறது. நாய் தண்ணி குடிச்சு ஒண்ணுக்குப் போயிருக்கு, அம்புட்டுத்தான். யாரு எழுதுனது இத?"

நான் பெஞ்சில் இருந்த ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன்.

"நாந்தான் டீச்சர்" என்றாள் அவள்.

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தினமும் என் நோட்டைத் திருத்துகிறவர். என்னை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார்.

"சிரிப்புக்குப் பயப்படாமக் கடைசி வரைக்கும் வாசிச்சுட்ட. மூணாப்புலயே ஒக்காரு."

பள்ளி விட்டதும் நான் அவளை விட்டு விலகி முன்னால் நடந்தேன். என் கையெழுத்தை அவள் தன்னுடையது என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாய்னு ஒனக்குத் தெரியும்ல? அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று வீட்டு வாசலில் கேட்டேன்.

"நீதான் வாத்தியாரு" என்றாள்.

உள்ளே போனதும் அம்மாவிடம் புகார் செய்தேன். "ஒட்டுனது, எழுதுனது எல்லாம் நானு. இவ எழுதுனேன்னு டீச்சர்ட்டப் பொய் சொல்லிட்டா!"

அம்மா அவளைப் பார்த்தது. அவள் இல்லையென்று சொல்லவில்லை. "இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள்.

நானும் பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிட்டேன். எதற்காக மன்னித்தேன் என்று புரிந்து எனக்கே வெட்கம் வருவதற்குப் பல வருஷம் ஆனது.