அவருக்கென வைத்த அப்பம்

குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருந்த அந்தச் சபைக்கு நான் ஆயராகச் சென்ற முதல் வாரத்திலேயே, ஆலய மணி அடிக்கும் பெரியவர் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார்.

"முன்னெல்லாம் ஆயரம்மான்னா ஆயர் வீட்டு அம்மா. இப்ப ஆயரே அம்மாவா வந்துட்டீங்க. அப்ப உங்க வீட்டுக்காரரை நாங்க என்னன்னு கூப்புடறது?"

"சாருன்னு கூப்பிடுங்க ஐயா."

"அதுவும் சரிதான். கீழேயிருந்து வர்ற எல்லாருமே இங்க சார்தான்."

இளவயதில் தகப்பனாருடன் இலங்கையிலிருந்து வந்தவர் அவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் ஆலய மணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். தாம் குடியிருந்த லைன் வீட்டை அப்போதும் இலங்கை வழக்கப்படி 'லயம்' என்றே சொல்வார். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் அவருடைய மணி ஒரு நிமிடம் பிந்தியதில்லை.

நான் சென்ற இரண்டாம் ஆண்டில், கோயமுத்தூரில் வேலை பார்த்த அவருடைய மகள் ஓர் இந்து இளைஞரை முருகன் கோயிலில் மணந்துகொண்டாள். பெரியவர் போனார், மற்றவர்களோடு நின்று மணமக்கள் தலையில் அரிசி தூவி வாழ்த்தினார். எங்கள் சபையில் அதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. பிற மதக் கோயிலில் நடக்கும் திருமணத்தில் கலந்து வாழ்த்தியவர், வருந்துகிறேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்து அது சபையில் வாசிக்கப்படும்வரை, ஆயர் கையால் அப்பம் வாங்கும் திருவிருந்தில் பங்கு பெறலாகாது. சபைக் குழு அப்படியே தீர்மானித்தது. ஆயர் என்ற முறையில் அதை அவரிடம் சொன்னவள் நான். ஆனால் மணியை மட்டும் அவரிடமே விட்டுவைத்தோம். அந்தக் குளிரில் எழுந்து மேடேறி வர வேறு எவரும் முன்வரவில்லை. ஆகவே எல்லாரையும் விருந்துக்கு அழைக்கும் மணியை அடித்துவிட்டு, அவர் கடைசி வரிசையில் அமர்ந்து மற்றவர்கள் முழந்தாளிட்டு அப்பம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்தக் கடிதத்தை நானே எழுதி எடுத்துச் சென்றேன். நான்கே வரிகள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எழுத்து நல்லாருக்கும்மா. ஆனா வருத்தப்படறேன்னு போட்டிருக்கீங்களே."

"ஒரு சொல்தானே ஐயா."

"எம் புள்ள தலையில அரிசி போட்டதுக்கு நான் வருத்தப்படலையே. பொய்யா ஒரு கையெழுத்தப் போட்டுட்டு, அதே கையை நீட்டி அப்பம் வாங்கச் சொல்றீங்களா?"

வேத விளக்க நூல்களை வாழ்நாளெல்லாம் படித்தவள் நான். தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேடேறித் திரும்பினேன்.

எங்களுக்குத் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறன்று. முந்தின நாள் மாலையில் ஆலயத்தில் தனியாக அமர்ந்து, வருபவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்து அப்பங்களைத் தட்டில் எடுத்து வைப்பேன். அவர் விலக்கப்பட்ட பிறகும் அவருக்கென ஒன்று வைத்தேன். மறுநாள் அது மீந்தது. ஆசீர்வதித்த அப்பத்தில் மீதமிருப்பதை ஆயரே உண்டுவிட வேண்டும் என்பது விதி, உண்டேன். இப்படிப் பதினோரு மாதங்கள். எவரிடமும் சொன்னதில்லை. அவரை மந்தைக்குள்ளேயே வைத்திருக்கும் என் இரகசிய வழி இது என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தில் எனக்கு ஓர் இனிமைகூட இருந்தது.

ஐப்பசி மழையில் அவர் படுத்துவிட்டார். நுரையீரல் நைந்துபோயிற்று; இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். நோயாளிகளின் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுசெல்லும் சிறிய பெட்டியை வேண்டுமென்றே வீட்டில் விட்டுச் சென்றேன். கையில் இருந்தால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மரணப் படுக்கையில் இருப்பவருக்கு ஆயர் எவரையும் கேளாமல் கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; கைகளைப் பார்த்தார்.

"பெட்டி கொண்டு வரலியாம்மா?"

"சனிக்கிழமை குழு கூடுதுங்க ஐயா. நானே பேசறேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பாக் கொண்டு வர்றேன்."

"ஆகட்டும். நான் எங்க போயிடப் போறேன்? இந்த மழையில பஸ்ஸே வராது."

சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. நான் ஜெபித்து முடித்தபோது, அந்த அறையில் 'ஆமென்' என்று உரக்கச் சொன்னவர் அவர்தான்.

வியாழக்கிழமை காலையில் இறந்துபோனார்.

துக்க மணியை நான் அடித்தேன். கயிற்றில் அவர் பிடித்துப் பிடித்து வழவழத்திருந்த இடம் எனக்கு எட்டவில்லை. அதற்குக் கீழே பிடித்து இழுத்தேன்; அடிகள் சீராக விழவில்லை.

குழி வெட்ட ஆள் பார்த்து, மழையில் குடையோடு நின்றுகொண்டிருந்தவர் சபைச் செயலர். தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நான் அஞ்சியது அவருக்குத்தான்.

"ஏனுங்க ஆயரம்மா, செவ்வாக்கெழம போனீங்கல்லோ? குடுத்துட்டீங்கதானுங்களே?"

"இல்லைங்க. நீங்கல்லாம் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்னு..."

அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"சாகற மனுசனுக்குக் குடுக்கறதுக்கு எங்களை எதுக்குங்க கேக்கோணும்? நீங்கதானுங்களே ஆயரு?"

குத்திக் காட்டவில்லை, மெய்யாகவே புரியாமல் கேட்டார்.

அடக்கம் முடிந்ததும் மகள் என்னிடம் வந்தாள். அவள் கணவர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர். சட்டையெல்லாம் சேறாகிச் சற்றுத் தள்ளி நின்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் அப்பா போன்ல பேசினாருங்கம்மா. ஞாயித்துக்கெழம ஆயரம்மா கொண்டு வர்றாங்கன்னு சொன்னாரு. ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோசமாப் பேசினாரு."

அவள் நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை குழு கூடவில்லை. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு; மாலையில் ஆலயத்தில் அமர்ந்து அப்பங்களை எடுத்து வைத்தேன். கடைசி வரிசைக்கு வந்ததும், நான் நினைப்பதற்கு முன்பே என் கை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டது. திரும்ப எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் எல்லாரும் வாங்கி எழுந்து சென்றபின் அது மீந்திருந்தது. பதினோரு மாதங்களாக அவருடைய பங்கை உண்டவள் நான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சபைக்கு முதுகைக் காட்டி, பீடத்தின் முன் நின்று, பன்னிரண்டாவதையும் உண்டேன்.