பீட்ரூட் கொடுக்கச் சொன்னவள்

சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் அவளை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் ‘கலர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டில் ஒரே நிறம் இருக்கக்கூடாது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காயும் பழமும் கலந்திருக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவள் வேலை. சொல்லும்போது சிரித்த முகம்தான். தெருவில் இறங்கியதும் மனசு அடித்துக்கொள்ளும். கேரட்டைப் பெரிய துண்டாகக் கொடுத்துத் தொண்டையில் சிக்கிவிட்டால்? திராட்சையைக் கழுவாமல் கொடுத்துவிட்டால்? பாதி வழியில் திரும்பிப் போய் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வருவாள். பஸ் ஓட்டும் அவள் கணவன், “ஊர்ல இருக்கிற வயிறெல்லாம் உன் வயித்துக்குள்ளதான் இருக்கு” என்பான்.

எதற்கும் பிடிகொடுக்காத வீடு தையல்காரர் வீடு. அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தை சோறு, உருளைக்கிழங்கு, பால் தவிர எதையும் வாயில் வாங்காது. காய் என்றாலே உதட்டைப் பூட்டிக்கொள்ளும். தையல்காரர் மெஷினை விட்டு நிமிராமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு நாள், பீட்ரூட்டை வேகவைத்து உருளைக்கிழங்கோடு மசித்துப் பார்க்கும்படி குழந்தையின் அம்மாவிடம் கலர் அக்கா சொல்லிவிட்டு வந்தாள். அந்த நிறத்தில் மயங்கிக் குழந்தை கிண்ணத்தையே வழித்துத் தின்றது என்று போன் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அதே வீட்டிலிருந்து மறுபடியும் போன். “அக்கா, பாப்பா ஒண்ணுக்குப் போனா சிவப்பா வருதுக்கா. ரத்தம் மாதிரி இருக்கு.”

ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு அப்படி வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேரட் துண்டுக்கெல்லாம் திரும்பிப் போய்ச் சொன்னவள், இதைச் சொல்ல மறந்திருந்தாள். பீட்ரூட்தான் என்றது ஒரு மனம். ஒருவேளை நிஜமாகவே ரத்தமாக இருந்து, பயப்படாதீங்க என்று சொல்லிவைத்தால்?

தையல்காரர் வாசலில் நின்றிருந்தார். கத்தவில்லை. “உங்க பேச்சைக் கேட்டுத்தானே கொடுத்தோம்” என்றார், அவ்வளவுதான். உள்ளே குழந்தை நூல்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அம்மா அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

“பீட்ரூட் சாயமாத்தான் இருக்கும். முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்பு” என்றாள் கலர் அக்கா. “ஆனா என் வாயை நம்பி உட்கார வேண்டாம். டாக்டர்கிட்ட காட்டிடலாம், வாங்க.”

பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வேலை போனால் போகட்டும், குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் இல்லை, சாயம்தான் என்று டாக்டர் சொன்னார். சந்தேகப்பட்டுக் கூட்டி வந்ததும் நல்லதுதான் என்றார். அவள் குழாயடிக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அதற்குள் குடியிருப்பில் பேச்சுக்குக் கைகால் முளைத்துவிட்டது. கலர் அக்கா சொன்ன காயைத் தின்று குழந்தை ரத்தம் ரத்தமாகப் போயிற்றாம். சில வீடுகளில் அவள் தலை தெரிந்ததும் கதவு சாத்தப்பட்டது. அவளும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, தான் சொல்ல மறந்ததிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர் வேலை இருக்கிறது என்றார்கள். தையல்காரர் வீட்டுப் பக்கம் போக மட்டும் அவளுக்குக் கால் எழவில்லை.

ஒரு சாயங்காலம் காய்கறிக் கடையில் அவரே எதிர்ப்பட்டார். கையில் ஊதா நிற முட்டைக்கோஸ். அவளைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார் என்று நினைத்தாள். நகரவில்லை.

“பாப்பா கலரா ஏதாவது வேணும்னு அடம் பிடிக்குது” என்றார். “இதைச் சாப்பிட்டா என்ன கலர்ல வரும்?”

ஒன்றும் வராது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“சத்தியமா தெரியலைங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும். பாதியை நான் வாங்கிக்கிறேன், இன்னிக்கு எங்க வீட்ல சமைச்சுப் பார்க்கிறேன்.”

தையல்காரர் முட்டைக்கோஸைக் கடைக்காரரிடம் நீட்டி, சரிபாதியாக வெட்டச் சொன்னார்.