முந்நூறு மணித்தியாலம்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு விமானம் ஒட்டியிருந்தது. முழு விமானம் அல்ல, விமானிகள் இருவரும் உட்காரும் அறையின் முன்பக்கம் மட்டும். தம்பி அதைக் கொழும்பில் பெரிய கடதாசியில் அச்சடித்து, சுருட்டி, கண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அலுமாரியின் இரண்டு கதவுகளிலும் பசை பூசி ஒட்டினான். ஆளுயரப் படம். எத்தனை சுவிட்ச், எத்தனை விளக்கு, எத்தனை வட்டம் என்று முதல் நாளே எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டும்போது அம்மா சேலை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டார். எண்ணிக்கை தவறிப்போயிற்று.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கண்டி நகரில் தண்ணீர் பில் எழுதும் பிரிவில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் வீடு. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணியை விற்ற காசில் வாங்கிய வீடு அது, பத்திரம் மட்டும் அப்பாவின் பெயரில். தினமும் காலையில் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏறவேண்டும். இயக்கத்தின் விமானங்களும் வந்து குண்டு போட, போர் வானத்துக்கும் ஏறியிருந்த வருடங்கள் அவை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பெடியன் பிலிப்பைன்ஸுக்குப் போய்ப் படித்து, விமானி லைசென்ஸோடு வந்து நின்றான்.

லைசென்ஸ் இருந்தால் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அது சின்ன விமானத்துக்கு. பெரிய ஜெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டும். அதற்குப் பிறகு, உண்மையான பயணிகளை ஏற்றிக்கொண்டு இத்தனை மணித்தியாலம் பறந்தேன் என்று புத்தகத்தில் இருக்கவேண்டும். மணித்தியாலம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மணித்தியாலம் எங்கிருந்து வரும்? தலை சுற்றியது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் விளங்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

"அப்ப உன்னை ஆர் எடுப்பினம்?" என்று கேட்டேன்.

"காசு கட்டினா எடுப்பினம், அக்கா. பயிற்சியும் தந்து முந்நூறு மணித்தியாலம் பறக்கவும் விடுவினம்."

"ஆருக்குக் கட்டிறது?"

"விமானக் கொம்பனிக்கு."

"அவையெல்லோ உனக்குச் சம்பளம் தரவேணும்?"

"முதல் நாங்கள் குடுக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீதான் பொம்பிளை. அவை மாப்பிள்ளை வீடு," என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. கோபித்து என்ன செய்ய? படித்த, குறை ஒன்றும் சொல்ல முடியாத பிள்ளையைக் கொடுத்து, அதோடு காசும் கொடுத்து, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கு எங்கள் ஆட்களிடம் வேறு பெயர் கிடையாது.

என் சீதனக் காசு வங்கியில் எட்டு வருடமாகக் கிடந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் பழைய வாடகை வீடு சாமான்களோடு எரிந்தபிறகு, எரியக்கூடிய எதையும் மகளுக்கென்று வாங்கிவைப்பதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதனால் எல்லாம் வைப்புக் கணக்கில். மாப்பிள்ளைகள் வந்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். காசு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. தம்பியைச் சேர்த்துவிட ஏறக்குறைய அவ்வளவும் தேவைப்பட்டது. அப்பா கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. இருவரும் சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்ட மூன்றாம் நாள், "எடுத்துக் கட்டுங்கோவன்" என்று நானே சொன்னேன்.

சொந்தக்காரர்கள் அதைத் தியாகம் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மை என்னவென்றால், அந்தக் காசுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அம்மாவைத் தினமும் பார்க்கிறேன். அதே காசுக்கு ஒரு ஜெட் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியாததில்தான் ஆசை.

பயிற்சிக்குப் போகுமுன் படத்தைப் பார்த்தே கை பழகவேண்டும் என்றான். ஒருவர் பட்டியலை வாசிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வேலை விட்டு வந்ததும் நான் இடது கதிரையில் உட்காருவேன். அது கப்டனுடைய இடம் என்று பிறகுதான் தெரிந்தது, தெரிந்தபிறகு விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அம்மாவின் மர அகப்பைகள் இரண்டை அதில் செருகி, எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் கைப்பிடிகளாக வைத்துக்கொண்டோம்.

"பாக்கிங் பிரேக்?"

"செட்."

"எரிபொருள்?"

"என்ர அகப்பையைத் தாருங்கோ, கறி அடிப்பிடிக்குது," என்று அம்மா குசினியிலிருந்து வருவார். ஒரு எஞ்சினைக் கொடுத்துவிட்டு மற்றதில் பறப்போம். ஒரு எஞ்சினிலும் பறக்கப் பழகவேண்டும், அதுவும் பாடத்தில் இருக்கிறது என்றான் தம்பி. அப்பா முன் அறையிலிருந்து தேத்தண்ணீர் கேட்பார். அம்மா அதையும் போடுவார். இரண்டு மாதத்தில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே எந்தச் சுவிட்ச் எங்கே என்று தெரிந்துவிட்டது. எது எதற்கு என்று கேட்டுக் கேட்டு அவனை ஒருவழி பண்ணிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீதியில் சுற்றிவளைப்பு. ஆமி, பொலிஸ் இரண்டும் வந்தன. எங்கள் வீட்டுக்குள் வந்த இளம் ஆமிக்காரன் அறைக் கதவைத் திறந்தான், அலுமாரியைப் பார்த்தான், அப்படியே நின்றான். பிறகு வெளியே பார்த்துத் தன் அதிகாரியைக் கூப்பிட்டான். தமிழ் வீடு, இருபத்தாறு வயதுப் பெடியன், ஆளுயர விமானப் படம். அம்மா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலை செய்யும் இடத்தில் எனக்குச் சிங்களம் நன்றாகப் பழகியிருந்தது. லைசென்ஸ், கடிதங்கள் எல்லாவற்றையும் காட்டி நான்தான் விளக்கினேன். அதிகாரி கேட்டுக்கொண்டே என் கதிரையில் உட்கார்ந்தார். அகப்பையைத் தள்ளிப் பார்த்தார். "எதைப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகும்?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி சுவிட்சைத் தொட்டுக் காட்டினான். "லைசென்ஸ் இருக்கிறதே, ஏன் இன்னும் வேலை இல்லை?" என்று என்னிடம் கேட்டார். வேலைக்குச் சேரக் காசு கட்டவேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னார்.

"எங்களுக்குச் சம்பளம் கொடுத்தல்லவா சேர்த்தார்கள்," என்று அந்த இளம் ஆமிக்காரனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அவன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரித்தாலும் விடவில்லை. படத்தை உரித்து எடுத்து, தம்பியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க அப்பாவும் நானும் பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். கிராம சேவகரின் கடிதத்தையும் வாங்கிவந்து காட்டினோம். முதல்நாள் இரவு சாப்பிட்டது செரித்துப் பசி வந்து பசியும் போனபிறகு, பின்னேரம் அவனை விட்டார்கள். படம் நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதன் நடுவில், உயரம் காட்டும் வட்டத்தின் மேல், பொலிஸ் முத்திரை குத்தியிருந்தது. கீழ் மூலை அலுமாரியோடேயே ஒட்டிக்கொண்டு கிழிந்துபோயிருந்ததால், தம்பி அந்த இடத்தைப் பேனையால் வரைந்து நிரப்பினான். மறுநாள் மறுபடி பறந்தோம்.

காசு கட்டுவதற்கு அப்பாவும் தம்பியும் நானும் கொழும்புக்குப் போனோம். விமானக் கொம்பனி வெளிநாட்டில், அதற்கு ஆள் சேர்க்கும் இளைஞன் கொழும்பில் ஒரு சின்ன ஒஃபிஸில். நல்ல நேரம் பார்த்துத்தான் அப்பா படியேறினார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு முறை பழகியிருந்தது, அதே முறையில் தொடங்கினார்.

"உங்கட கொம்பனி தொடங்கி எவ்வளவு காலம்?"

"பத்து வருஷம், அங்கிள்."

"எங்கட நாட்டுப் பிள்ளையள் முந்திப் போயிருக்கினமோ?"

"நாலு பேர் போயிருக்காங்க. நல்லா இருக்காங்க."

"மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ?"

"கிடைக்கும், அங்கிள்."

பிறகு அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு முக்கியமான கதைக்கு வந்தார். "எழுத்துக்குப் பிறகுதான் காசு." எழுத்து என்றால் எங்களிடம் கலியாணப் பதிவு. அந்த இளைஞனுக்கு முதலில் விளங்கவில்லை, ஒப்பந்தத்தைச் சொல்கிறார் என்று நான் விளக்கினேன். சம்மதித்தான். அப்பா வென்றுவிட்டார். ஒப்பந்தத்தை நான் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பயிற்சி, அதன்பின் பயணிகளோடு முந்நூறு மணித்தியாலம் என்று தெளிவாக இருந்தது. கையெழுத்தானபின் அப்பா காசோலையை இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

முந்நூறுக்குப் பிறகு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சுவிட்ச் விடாமல் கேட்ட நானும் கேட்கவில்லை. அதை இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். அந்த இளைஞன் எங்களை ஏமாற்றவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் எங்கள் வழக்கத்தில் அந்தக் கேள்வியே இல்லை. குடும்பம் எப்படி, குணம் எப்படி, குடி உண்டா என்று துருவுவோம். எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று மட்டும் எந்தத் தகப்பனும் கேட்டதில்லை. காசோடு பிள்ளையைக் கொடுத்தால் பிள்ளை அவர்களுக்குத்தான், முடிந்தது.

தம்பி போனான். ஜெட்டின் வலது கதிரையில் உட்கார்ந்து பறந்தான். தோளில் கோடு வைத்த வெள்ளைச் சட்டையில் எடுத்த படம் வந்தது. அந்தச் சட்டைக்கும் அவனே காசு கட்டியிருந்தான். அப்பா படத்தை முன் அறையில் மாட்டினார். ஒன்பதாம் மாதம், முன்னறிவித்தல் ஒன்றுமில்லாமல், ஒரு மத்தியானம் பெட்டியோடு வாசல் படலையில் வந்து நின்றான்.

முந்நூறு முடிந்துவிட்டதாம். அவனுடைய கதிரைக்குக் காசு கட்டிய அடுத்தவன் வந்துவிட்டானாம். அவனும் தகப்பனோடுதான் வந்தானாம். மணித்தியாலம் இருக்கிறதே, வேறு கொம்பனி எடுக்காதா என்று கேட்டேன். மற்றக் கொம்பனிகளும் காசு கட்டுகிறவனைத்தான் எடுக்கின்றன என்றான். எனக்கு ஆத்திரம். அவன் மேல் அல்ல. முந்நூறு மணித்தியாலம் என்றால் பன்னிரண்டரை நாள். நான் தினமும் பெருக்கல் வகுத்தல் செய்கிறவள், அந்தக் கணக்கை ஏன் அன்றைக்கே போடவில்லை?

ஆத்திரம் ஆறியதும் பழைய ஆவல் வந்தது. "நீ காசு கட்டித்தான் அந்தக் கதிரையில இருந்தனி எண்டு பயணியளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. இறங்கேக்கை நன்றி சொல்லிப்போட்டுப் போவினம்."

"நீ என்ன சொல்லுவாய்?"

"நானும் நன்றி சொல்லுவன்."

அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கட்டுகஸ்தோட்டையில் பௌதிகவியல் ரியூஷன் கொடுக்கத் தொடங்கினான். அவனிடம் படித்த பிள்ளைகள் உயரம், வேகம், காற்று எல்லாம் கேட்டால் அவன் முகம் வேறாகிவிடும்.

சண்டை முடிந்ததென்று கண்டித் தெருக்களில் வெடி கொளுத்திய வருடம் எனக்கு மறுபடி ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. அவருடைய தாய்மாமன் பேச வந்தார். நான் கால் நோவென்று சொல்லி உள்ளே இருந்துகொண்டதால், தேத்தண்ணீர்த் தட்டைத் தம்பிதான் கொண்டுபோனான். மாமன் மாப்பிள்ளையின் பதவி, கொழும்பு வீடு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நீங்கள் என்ன குடுக்கிறதாய் யோசிச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அப்பா முதுகை நிமிர்த்தினார். கதவிடுக்கால் அந்த நிமிர்வைக் கண்டதும் எனக்குக் கால் நோவெல்லாம் போய்விட்டது. எழுந்து முன் அறைக்கு வந்தேன்.

"நாங்கள் குடுக்கிற காசுக்கு என்னை எத்தினை மணித்தியாலம் வைச்சிருப்பியள்?"

மாமன் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன பிள்ளை, பகிடியோ?"

"பகிடி இல்லை. முந்தி ஒருக்கா கேக்காமல் விட்டிட்டம்."

தட்டோடு நின்ற தம்பிதான் முதலில் சிரித்தான். திரும்பி வந்தபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமன் தேத்தண்ணீரை முடிக்காமலே எழுந்து போனார். அவர் படலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து அப்பா என் பக்கம் திரும்பினார். "கலியாணத்தில ஆரும் இப்பிடிக் கேக்கிறதோ?"

அம்மா குசினியிலிருந்து வந்து கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ர கலியாணத்தில எனக்குக் கேக்கத் தெரியேல்லை," என்றார். "முந்நூறு மணித்தியாலம்தான் எண்டு சொல்லியிருந்தினமெண்டால் ஓமெண்டிருப்பன்."