தானாக ஓடிய ஸ்கிரிப்ட்

அரசாங்கம் அக்காவுக்குக் கொடுத்த மடிக்கணினியை எந்த நாளில் என்னுடையதாக்கிக்கொண்டேன் என்று நினைவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவள் வீட்டில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்த நான் அதைத் தூக்கிக்கொண்டே மேலகரத்து வீட்டுக்குள் சுற்றினேன். அவளுக்கு வேறு கவலை இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறை நாங்கள் இருவரும்தான். அப்பா தென்காசி ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டினார். அக்கா நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் "பாப்போம்ட்டி" என்றார். அவர் பார்ப்பதற்குள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துபாயில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு வந்துவிட்டார்.

"படிக்கணும்னா கட்டிக்கிட்டுப் போற எடத்துல படிக்கட்டும். அவுக வேண்டாம்னா சொல்லப் போறாக?" என்றார் மாமா. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக விழுந்தது.

எனக்கு அதிலெல்லாம் கருத்துக் கிடையாது. நான் வீடியோ பார்த்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வரி தட்டி என்டரை அமுக்கினால் போதும். மடிக்கணினி வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து தானே இறக்கி, தானே ஓட்டிவிடும். நான் கேட்டதென்னவோ 'வணக்கம்' என்று காட்டும் ஒரு வலைப்பக்கம். அதற்கு ஒரு பேக்கேஜ், அதாவது யாரோ எழுதிவைத்த நிரல் மூட்டை, வேண்டும். அந்தப் பேக்கேஜுக்குப் பத்துப் பேக்கேஜ் வேண்டும். அந்தப் பத்தும் தங்கள் பங்குக்கு ஆளாளுக்குக் கூட்டிவரும். ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் தெருவே வேன் பிடித்து வந்து இறங்குமே, அப்படி. எனக்கு அந்த வணக்கத்தைவிட இந்தக் கூட்டம் வந்து இறங்குவதைப் பார்க்கத்தான் ஆசை. இறங்கியதை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு மறுபடி இறக்குவேன். இரண்டையும் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போய், சேர்த்துச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, எழுதி, 'புதுசு' என்று பெயர் வைத்தேன். பெயரைத் தட்டி ஓட்டினால், பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கும். அப்போது உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

இணையம் அப்பாவின் போனிலிருந்து வந்தது. வீட்டில் இருந்த ஒரே டச் போன் அதுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி.

ஒரு சனிக்கிழமை அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏலே, இத ஒரு தடவ ஓட்டுனா எவ்வளவு நெட்டு போவும்?"

"கால் ஜிபி போவும்க்கா."

"ஆறு தடவ ஓட்டுனா?"

"தீந்துரும். அப்பா வைவாக."

"என்ன தட்டணும்? காட்டு பாப்போம்."

என் வேலையை மதித்து வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிக்கொடுத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிப் பழகினாள். என்டரை மட்டும் அமுக்கவில்லை. "நெட்டு வீணாவும்லா" என்றாள். எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேரில், மாப்பிள்ளை வீடியோவில். மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். குற்றாலச் சீசன் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை விட்டுவிட்டு அப்பா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். நான் காலையில் 'புதுசு' ஒரு தடவை ஓட்டினேன். மத்தியானம் அம்மா என்னைத் தென்காசிக்கு அனுப்பி லட்டும் மிக்சரும் வாங்கிவரச் சொன்னாள்.

"போன சார்ஜுல போட்டிருக்கு, அக்கா. ஹாட்ஸ்பாட்ட அணைக்கணும்."

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

திரும்பி வருகையில் குற்றாலம் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்களுக்கு நடுவில் லட்டுப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தபோது மூன்றேமுக்கால். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பட்டுச் சேலையில் தலைகுனிந்து நின்றாள். மாமா போனை நீட்டிப் பிடித்தார். மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. "வணக்கம் மாமா" என்றார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எம்புள்ள ஏன் இப்படி வாயத் தொறந்துக்கிட்டு நிக்கான்?" என்றார் அந்த அம்மா.

அப்பா போனை உதறிப் பார்த்தார். மாமா அதை வாங்கி வாசலுக்குப் போய் வானத்தை நோக்கிக் காட்டினார். பிறகுதான் ஒன்றரை ஜிபியும் தீர்ந்துவிட்டது என்ற செய்தி கண்ணில் பட்டது. வந்தவரிடமும் மாமாவிடமும் இருந்தவை பட்டன் போன்கள். ரீசார்ஜ் பண்ண மாமா ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. மெயின் ரோட்டுக்குப் போய், சீசன் நெரிசலில் சிக்கி, அவர் திரும்பியபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து.

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மொத மொகம் பாக்கையிலேயே தடங்கலு. எனக்கு மனசுக்குச் சரியா படல அண்ணாச்சி. தப்பா எடுத்துக்கிடாதிய." லட்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அப்பா திரும்பினார்.

"ஏலே, இங்கன வா. என்னத்தலே ஓட்டித் தொலச்ச?"

"ஒரு தடவதாம்ப்பா ஓட்டுனேன்."

"ஒரு தடவையில ஒன்றர ஜிபியும் போயிருமாலே?"

கை ஓங்கிவிட்டது. அக்கா குறுக்கே வந்து நின்றாள். "விடுங்கப்பா. சின்னப் பய. தெரியாமப் பண்ணிட்டான்."

அவள் மீது எனக்கு வந்த நன்றியைச் சொல்லி மாளாது. பட்டுச் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்; அதற்கும் அவள் திட்டவில்லை. அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற வேதனையில் மடிக்கணினியைத் திறந்தேன். காலையில் நான் திறந்த கறுப்புத் திரை மூடப்படாமல் இருந்தது. மேல் அம்புக்குறியை அமுக்கினால், முன்பு தட்டிய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். அமுக்கினேன். 'புதுசு.' மறுபடி அமுக்கினேன். 'புதுசு.' மொத்தம் ஆறு இருந்தன. நான் தட்டியது ஒன்று.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் ஸ்கிரிப்டில் ஏதோ பிழை. அது முடிந்ததும் தன்னைத் தானே மறுபடி கூப்பிடுகிறது.

புதன்கிழமை அப்பா கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தார். "அடுத்த வரன் தெகையுத வரைக்கும் சும்மாதான இருக்கா, படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா அதை என் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். நான் அந்த இரண்டு வரி ஸ்கிரிப்டை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுதான் வேலை.

"கெடச்சுதாலே?" என்றாள், எழுதுவதிலிருந்து தலை நிமிராமல்.

"இல்லக்கா. எங்கன இருக்குன்னே தெரியல."

"தேடு. நல்லாத் தேடு."

தேடினேன்.